மலேரியா போய்விட்டது, தலசீமியாவும் தானாகப் போய்விடுமா?

2025 மே 9, மாலை. கேள்வி: தம்பலகாமம் வாசகர்

உலகத் தலசீமியா தினத்தை ஒட்டி எங்கள் ஊரில் நேற்று ஒரு கூட்டம் நடந்தது. கடும் குருதிச்சோகையைத் தரும் பரம்பரை நோயான தலசீமியாவின் பரம்பரையலகு மலேரியாவிலிருந்து மனிதரைக் காத்ததனால்தான் நம்மிடையே பரவியது என்று அங்கு பேசியவர் விளக்கினார். அப்படியானால், இலங்கையில் மலேரியா ஒழிந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டபடியால், இனி அந்தப் பரம்பரையலகினால் எவருக்கும் பயனில்லை. கூர்ப்புக் கொள்கை சரியென்றால் அது தானாகவே அற்றுப்போக வேண்டும். பிறகு எதற்காகத் திருமணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள்? மலேரியா ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த ஒருவர் இங்கே எழுதுவதாக அறிந்தேன். அவர் விளக்கினால் நல்லது.

2025 மே 9, இரவு

அற்றுப்போகும். எப்போது என்பதைத்தான் நீங்கள் கேட்கவில்லை.

கணக்கைச் செய்து பார்ப்போம். தீவு முழுவதுமாக எடுத்த ஆய்வுகளின்படி பீட்டா வகைத் தலசீமியாவின் காவிகள், அதாவது பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமந்து நோயின்றி வாழ்பவர்கள், நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் இந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதிகள் இருப்பதால், குடித்தொகையில் உள்ள மொத்தப் பிரதிகளில் பழுதானது நூறில் ஒன்று. இனி மிகக் கடுமையான நிலையை எடுத்துக்கொள்வோம்: மலேரியா அடியோடு இல்லை, காவியாக இருப்பதில் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, இரண்டு பழுதான பிரதிகளோடு பிறக்கும் பிள்ளை எதுவும் வளர்ந்து பிள்ளை பெறுவதில்லை. இந்நிலையில் பழுதான பிரதியின் பங்கு பாதியாகக் குறைய நூறு தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 2,500 ஆண்டு. திருஞானசம்பந்தர் கோணேசர் மீது பதிகம் பாடியே இன்னும் 1,400 ஆண்டு நிறையவில்லை.

இவ்வளவு மெதுவாக நடப்பதற்குக் காரணம் எளிது. இயற்கைத் தேர்வு நோயாளியைத்தான் காணும், காவியைக் காணாது. மேற்சொன்ன விகிதத்தில், பழுதான பிரதிகள் நூறில் தொண்ணூற்றொன்பது ஆரோக்கியமான காவிகளிடம் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுதான் நோயாளிகளிடம் வெளிப்பட்டு நிற்கிறது. அந்த ஒன்று மட்டுமே ஒவ்வொரு தலைமுறையிலும் கழிகிறது. அருகிவர அருகிவர ஒளிந்திருக்கும் பங்கு இன்னும் கூடுவதால், கழிவு மேலும் மந்தமாகும்.

இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தலைமுறைகூடக் கடக்கவில்லை.

2025 மே 10, காலை

மூதூரிலிருந்து ஒருவர், மலேரியாதான் காரணம் என்பதற்கு ஆதாரம் என்ன, அதுவும் ஊகம்தானே என்று கேட்டிருக்கிறார்.

ஊகமாகத்தான் தொடங்கியது. மத்தியதரைக்கடல் மக்களிடையே, பிள்ளைகளைக் கொல்லும் ஒரு பரம்பரையலகு ஏன் இவ்வளவு மலிந்திருக்கிறது என்ற புதிருக்கு உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949இல் அச்சேறிய கட்டுரையில் ஒரு விடை சொன்னார்: ஒரு பிரதி மட்டும் உடையவர் மலேரியாவில் தப்பியிருக்க வேண்டும். (இந்த மனிதர் பின்னர் இந்தியாவில் குடியேறி, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார். ஆங்கிலேயரில் வேட்டி கட்டி விரிவுரை செய்த அறிஞர்கள் அதிகம் இல்லை.) 1954இல் அலிசன் என்ற ஆய்வாளர் கிழக்காபிரிக்காவில் அரிவாள்கலப் பரம்பரையலகுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவைக் காட்டினார். சார்டீனியாத் தீவில் மலேரியா மிகுந்த தாழ்நிலக் கிராமங்களில் தலசீமியா மலிந்தும், மலைக் கிராமங்களில் அருகியும் இருந்தன.

எனக்கு எல்லாவற்றிலும் உறுதியாகப்படுவது 1986இல் வெளியான மெலனீசியா ஆய்வுதான். பப்புவா நியூகினியில் கரையிலிருந்து மலைக்கு ஏற ஏற மலேரியா குறைகிறது. தீவுத்தொடரில் தெற்கே நியூ கலிடோனியா நோக்கிப் போகப் போகவும் குறைகிறது. அல்பாத் தலசீமியாவும் அதே இரண்டு திசைகளிலும் அதே ஒழுங்கில் குறைகிறது. குடிப்பெயர்வுதான் காரணம் என்றால் அதே மக்களின் மற்றப் பரம்பரை அடையாளங்களும் அப்படியே குறைந்திருக்க வேண்டும். அவை அப்படி அமையவில்லை.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அது அல்பா, நாம் பேசுவது பீட்டா. செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினை ஆக்கும் புரதங்களில், அல்பாக் குளோபினுக்குரிய பரம்பரையலகு 16ஆம் நிறமூர்த்தத்திலும் பீட்டாக் குளோபினுக்குரியது 11ஆம் நிறமூர்த்தத்திலும் இருக்கின்றன. பழுது வேறு, நோயின் கடுமை வேறு. பரவிய காரணம் ஒன்று.

2025 மே 10, இரவு

நான் மலேரியாத் தடுப்பு இயக்கத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்து தலை நரைத்தவன். கந்தளாய், சேருவில, குச்சவெளி, வெருகல் என்று திருகோணமலை மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் கண்ணாடித்தகடுகள் வரும். ஒரு தகட்டில் இரண்டு பூச்சு: தடித்த பூச்சில் செங்குழியங்கள் உடைந்துபோவதால் ஒட்டுண்ணி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும், எந்த இனம் என்று பார்க்க மெல்லிய பூச்சுக்குப் போக வேண்டும். அங்கேதான் செங்குழியம் முழு வடிவத்தில் கிடக்கும்.

ஜீம்சாச் சாயம் ஊறிய மெல்லிய பூச்சில் சாதாரணச் செங்குழியங்கள் ஒரே அளவாக, நடுவில் சற்று வெளிறித் தெரியும். இடைக்கிடை வேறு விதமான பூச்சு வரும். குழியங்கள் சிறுத்து, ஓரம் மட்டும் நிறம் பிடித்து, சிலவற்றில் வெளிறிய நடுவட்டத்துக்குள்ளே மறுபடியும் ஒரு கரும்பொட்டு இருக்கும். அந்த வடிவத்துக்கு இலக்குக் குழியம் என்று பெயர். காய்ச்சலென்று வந்த பிள்ளையின் தகடு அது. ஒட்டுண்ணி இல்லை. படிவத்தில் ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று எழுதி அனுப்புவோம், ஏனென்றால் செங்குழியத்தின் வடிவத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. எங்கள் வேலை மலேரியா பார்ப்பது.

அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மண்ணீரல் பெருத்திருந்திருக்கும். அந்தக் காலத்தில் வயிறு முன்தள்ளிய பிள்ளையைக் கண்டால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் மலேரியா என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. 1999இல்கூட நாட்டில் மலேரியா நோயாளர் தொகை இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு போர் நடந்த வடக்குக்கும் கிழக்குக்கும் உரியது. அந்த வெள்ளத்தில் ஒரு தலசீமியாப் பிள்ளையைப் பிரித்தறிய யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. மலேரியா போன பிறகுதான் அடியில் கிடந்த நோய் கண்ணுக்குத் தெரிகிறது என்பது என் எண்ணம். தலசீமியா கூடிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு இதுவே என் முதற் பதில்.

2025 மே 11

‘தலசீமியா குருநாகல் பக்கத்து நோய், நமக்கு அது குறைவு’ என்று ஒருவர் எழுதியதை அப்படியே விட முடியாது. குருநாகலில் நாட்டின் முதன்மையான தலசீமியா நிலையம் இருக்கிறது, அதனால் அந்தப் பெயர் காதில் அதிகம் விழுகிறது. எங்கே எண்ணுகிறார்களோ அங்கே தொகை கூடித் தெரிவது இயல்பு.

இலங்கையில் அதிகம் காணப்படும் பீட்டாத் தலசீமியா விகாரங்களில், அதாவது பரம்பரையலகில் நேர்ந்த எழுத்துப்பிழைகளில், ஒன்று ‘ஐ.வி.எஸ். 1-5’ என்று குறிக்கப்படுவது. இந்தியாவிலும் மிகப் பொதுவான விகாரம் அதுவே. அந்த எழுத்துப்பிழை இனம், மதம், மொழி எதையும் விசாரித்துக்கொண்டு வரவில்லை. இத்தீவின் சிங்களவரும் தமிழரும் தாய்வழி மரபிலும் முழு மரபணுத்தொகுதியிலும் பெரிதும் கலந்தவர்கள் என்பதை 2014இலும் 2023இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டுகின்றன. உலக அளவில், மனிதரிடையேயுள்ள பரம்பரை வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே குடித்தொகைக்குள்ளேயே இருக்கிறது என்று லெவொன்ரின் என்ற பரம்பரையியலாளர் 1972இல் கணக்கிட்டார். பின்வந்த தரவுகள் அதைப் பெரிதாக மாற்றவில்லை.

2025 மே 11, பின்னேரம்

மேலே எழுதியதற்கு ஒரு மறுசிந்தனை. இனங்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று சிலர் அதை வாசிக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சராசரியில் வேறுபாடு சிறிது, ஆனால் தனித்தனிப் பரம்பரையலகுகளில் அது பெரிதாக இருக்கலாம்.

‘ஈமோகுளோபின் ஈ’ (E) என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டாக் குளோபினின் 26ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியதனால் வருவது அது. தாய்லாந்தின் வடகிழக்கிலும் கம்போடியாவிலும் சில இடங்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இருக்கிறது. இலங்கையில் பொதுவாக மிகக் குறைவு. ஆயினும் 1950களில் வேடர்களின் குருதியைப் பரிசோதித்தவர்கள் அவர்களிடம் அதைக் கண்டார்கள். நம் மாவட்டத்தில் மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் கரைகளில் தமிழ் பேசும் வேடர் குடிகள் வாழ்கின்றன என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை. சிறிய குடியில் ஒரு பரம்பரையலகு தற்செயலாகவே ஏறவும் கூடும், அற்றுப்போகவும் கூடும். அதற்கு மலேரியா கூடத் தேவையில்லை.

ஈமோகுளோபின் ஈ இரண்டு பிரதி உள்ளவருக்குப் பெரிய துன்பம் இல்லை. ஈ ஒரு பிரதியும் பீட்டாத் தலசீமியா ஒரு பிரதியும் ஒருவரிடம் சேர்ந்தால்தான் சிக்கல். அதிலும் ஒருவர் குருதி ஏற்றாமலே நாற்பது வயதுவரை வாழ, இன்னொருவர் சிறுவயதிலிருந்தே மாதந்தோறும் கட்டிலில் கிடக்க நேரும். முதல் நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது. தனியே யாரையும் கொல்லாததை இயற்கைத் தேர்வு இன்னும் மெதுவாகத்தான் தொடும்.

இன்னொன்று. காவிக்குப் பாதுகாப்பு என்றால் நோயாளிக்கு இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். இலங்கையின் ஈமோகுளோபின் ஈ-பீட்டாத் தலசீமியா நோயாளரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடம் மலேரியா தொற்றியதன் தடயமான எதிர்ப்பொருள்கள், குறிப்பாக விவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி இனத்துக்கெதிரானவை, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டன. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களில் அது இன்னும் அதிகம்.

2025 மே 14

சொந்தத்துக்குள் திருமணம் பற்றி வந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

மச்சானும் மச்சாளும் தங்கள் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டிலொரு பங்கைப் பொதுவான பாட்டன் பாட்டியிடமிருந்து பெற்றிருப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையின் ஏதேனுமோர் இடத்தில் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக அமையும் வாய்ப்பு பதினாறிலொன்று. காவிகள் நூற்றுக்கு இரண்டு என்ற அதே விகிதத்தில், உறவில்லாத இருவருக்குத் தலசீமியாப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மச்சான் மச்சாளுக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூறில் ஒன்று. ஏழு மடங்கு. பெரிய எண்தான், ஆனால் இதைக் கேட்டதும் ‘சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகும்’ என்று கத்துகிறவர்கள், மீதி ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் முறைமச்சாளைக் கட்டியவன். இருவரும் பரிசோதித்தோம், பிள்ளைகள் பிறந்து பல காலத்துக்குப் பிறகு, நானே ஆர்வத்தில். பிறகு பார்த்து என்ன பயன் என்று மனைவி கேட்டது சரியான கேள்வி.

2025 மே 15

மட்டக்களப்பு நண்பர் ஒருவர், எங்கள் பக்கத்தில் குடி (குலப் பிரிவு) பார்த்துத்தான் கட்டுகிறோம், ஒரே குடிக்குள் கட்டுவதில்லை, ஆகவே இரத்தம் நெருங்காது என்று எழுதியிருக்கிறார். அவருடைய கணக்கில் ஓர் ஓட்டை.

வெருகலுக்குத் தெற்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக இறங்குகிறது. தாய்வழியாக மட்டும் இறங்கும் இன்னொன்றும் உண்டு, அது இழைமணியின் டி.என்.ஏ. ஒரே குடிக்குள் கட்டுவதில்லை என்ற விதி ஒழுங்காகக் காக்கப்பட்டால், கணவனும் மனைவியும் வேறு வேறு தாய்வழியைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். அவ்வளவுதான். தாய்மாமன் மகள் தன் தாயின் குடி, ஆதலால் கட்டலாம். சின்னம்மா மகள் நம் குடி, ஆதலால் தங்கை முறை. குருதிக் கணக்கில் இருவரும் நமக்கு அதே எட்டிலொரு பங்குதான். தலசீமியாப் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது தாய் வழியாகவும் வரும், தகப்பன் வழியாகவும் வரும், குடியை விசாரிக்காது.

சொத்தும் சண்டையும் பிரியாமல் காக்க வந்த ஒழுங்கிடம் நோய்த்தடுப்பையும் எதிர்பார்ப்பது அதற்கு அநியாயம்.

2025 மே 15, நள்ளிரவு

நித்திரை வரவில்லை, ஆகவே முதல் நாள் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். அதில் திருமணங்கள் உறவு பாராமல் நடப்பதாக வைத்திருந்தேன். பத்துத் திருமணத்தில் ஒன்று மச்சான் மச்சாளுக்கிடையே என்று மாற்றினால் கதை மாறுகிறது: ஒளிந்திருக்கும் பிரதிகள் கூடுதலாக வெளிப்படுவதால், பாதியாகக் குறைய நூறு தலைமுறைக்குப் பதில் ஐம்பதைச் சற்றுத் தாண்டினால் போதும். 1,300 ஆண்டு அளவு. ஆனால் அந்த வேகம் முழுவதும், கூடுதலாகப் பிறந்து இறக்கும் பிள்ளைகளால் வருகிறது. மறுபுறம், குருதி ஏற்றலும் அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தும் ஒழுங்காகக் கிடைத்து நோயாளிகள் வளர்ந்து பிள்ளை பெற்றால் 2,500 ஆண்டு என்பது இன்னும் நீளும். நீளட்டும். பரம்பரையலகு குறைவதைவிடப் பிள்ளை பிழைப்பதுதான் எனக்கு வேண்டும்.

2025 மே 17

ஒரு சிறு பதில்: இல்லை, பத்துப் பொருத்தத்தில் இரச்சுப் பொருத்தம் தலசீமியாவைக் காட்டாது. சாத்திரியாருக்குக் குருதி அறிக்கையில் எம்.சி.வி. (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) பார்க்கக் கற்றுக்கொடுத்தால் மாவட்டத்தில் பாதி வேலை முடிந்துவிடும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

2025 மே 18

மலேரியா மருந்து குடித்துச் சிறுநீர் கறுத்த கதையைக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் உயர்தரம் படித்த காலத்தில் தாய்மாமனுக்கு விவாக்ஸ் மலேரியா வந்தது. குளோரோகுயினோடு பிரைமாகுயினும் கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் அவருடைய சிறுநீர் கடும் பிளேன்டீயைப் போல ஆகி, கண் மஞ்சளித்து, எழும்ப முடியாமல் படுத்துவிட்டார். குளிசை கொடுத்தவரிடம் போய்ச் சொன்னபோது, மலேரியா கடுமையாகிவிட்டது, விடாமல் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். அம்மம்மா தன் பிடிவாதத்தில் குளிசைகளை எடுத்து ஒளித்து வைத்தார், மாமா தேறினார்.

அது ஜி6பி.டி. நொதியக் குறைபாடு என்று பல ஆண்டு கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். பிரைமாகுயின் இக்குறைபாடுள்ளவரின் செங்குழியங்களை உடைக்கிறது என்பது 1956இலேயே கண்டறியப்பட்ட செய்தி. உலகில் நாற்பது கோடிக்கு மேற்பட்டோருக்கு இக்குறைபாடு உண்டு. இதுவும் மலேரியா மலிந்த நிலங்களிலேயே மலிந்திருக்கிறது. பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களுக்கு ஒரு பிரதி பழுதானாலே போதும். மாமாவுக்கு அது அம்மம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். என் தாய்க்கு வந்திருக்க இரண்டிலொரு வாய்ப்பு, எனக்கு நான்கிலொன்று. நானும் பின்னாளில் பிரைமாகுயின் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. என் சகோதரிகள் காவிகளா என்பதை அது சொல்லாது.

மலேரியாவிலிருந்து காக்கும் குறைபாடு ஒன்று மலேரியா மருந்தாலேயே ஆபத்தாவது இத்துறையில் நான் கண்டவற்றில் மிகவும் விசித்திரமானது. மன்னாரில் 2016இல் புதிய நகர நுளம்பினமான அனோபிலிஸ் ஸ்டீபென்சை பிடிபட்டது. அயல்நாடு போய் வருகிறவர்கள் ஒட்டுண்ணியைக் கொண்டுவருவதும் நிற்கவில்லை. ஆகவே பிரைமாகுயின் இன்னும் பழங்கதை ஆகவில்லை.

2025 மே 21

‘காவிகளைத் திருமணம் செய்யவிடாமல் தடுத்தால் ஒரே தலைமுறையில் முடிந்துவிடுமே’ என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நூற்றுக்கு இரண்டு பேரைப் பிள்ளையற்றவர்களாக்க வேண்டும் என்கிறீர்கள். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் படித்தவர்களே இப்படிப் பேசிச் சட்டமும் இயற்றினார்கள். அதன் முடிவை உலகம் கண்டது. நம் ஒவ்வொருவரிடமும் ஏதாவதொரு நோய்க்குரிய பழுதான பிரதிகள் சில இருக்கின்றன. அந்த விதியை நேர்மையாக நடைமுறைப்படுத்தினால் திருமணம் செய்ய ஆளே மிஞ்சாது.

பரிசோதனையின் நோக்கம் பரம்பரையலகை ஒழிப்பதல்ல. காவியும் காவியும் சேராவிட்டால் நோயாளி பிறப்பதில்லை. நோயாளி பிறக்காததால் பழுதான பிரதி கழிவதும் இல்லை. பங்கு அப்படியே நிற்கும், நோய் மட்டும் நிற்கும் இடம் தெரியாமல் போகும். சைப்பிரஸ் தீவில் இதுதான் நடந்தது. 1970களில் பரிசோதனையைத் தொடங்கினார்கள், பின்னர் திருச்சபையே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று கேட்டது. சில ஆண்டுகளில் புதிய தலசீமியாப் பிறப்புகள் அரிதாகிவிட்டன. காவிகளின் தொகை குறையவில்லை. அங்கே பல தம்பதியர் கருவிலேயே சோதித்து முடிவெடுத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க அன்றி வேறு காரணத்துக்குக் கருக்கலைப்புச் சட்டப்படி இல்லை. ஆகவே இங்கே திருமணத்துக்கு முந்திய அறிவுதான் கையில் உள்ள ஒரே வழி.

ஆனால் அந்த அறிவை எந்த வேளையில் கொடுக்கிறோம் என்பதில் எனக்குக் கவலை உண்டு. எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் சம்பந்தம் பேசி நாளும் குறித்த பிறகு பெண்ணைப் பரிசோதித்தார்கள். காவி என்று வந்தது. மாப்பிள்ளை பரிசோதிக்கவே இல்லை. ‘இரத்தத்தில் குறை’ என்று சொல்லி அவர்கள் விலகினார்கள். ஒருவர் காவி, மற்றவர் காவியல்ல என்றால் நோயாளிப் பிள்ளை பிறக்காது என்பதை அந்த வீட்டில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. அந்தப் பெண்ணை இன்றைக்கும் சந்தையில் காண்கிறேன். அவள் என்னோடு பேசுவதில்லை, பரிசோதனைக்கு அனுப்பியவன் நான் என்பதால். உயர்தரப் பரீட்சை முடிந்த வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகப் பார்த்துவிட வேண்டும், சம்பந்தம் பேசும் மேசைக்கு அது வரவே கூடாது என்பது அதன் பின் நான் வந்தடைந்த நிலைப்பாடு.

2025 மே 24

பதவி சிறீபுரவிலிருந்து வந்த கேள்வி சற்று விலகியது, ஆனால் அடிப்படை ஒன்றே: ஒரு வீட்டில் தகப்பனுக்கும் இரண்டு மகன்மாருக்கும் சிறுநீரக நோய், ஆகவே அது பரம்பரை நோயா? வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய நம் மாவட்டப் பகுதியிலும் 1990களிலிருந்து பேசப்படும் நோய் அது. அந்த மூவரும் ஒரே குருதி, ஒரே கிணறு, ஒரே வயல், ஒரே வெயில். வீட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த நான்கையும் பிரிக்கவே முடியாது. அதே வீட்டுக்கு வேற்றூரிலிருந்து வாழ வந்த மருமகளுக்கு என்ன ஆயிற்று, அதே குடும்பத்திலிருந்து நகரத்துக்குப் போன தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். பரம்பரையலகு ஒருவரைக் கூடுதலாக இலக்காக்கலாம். நஞ்சோ நீரோ வெப்பமோ இல்லாமல் நோய் இல்லை என்றும் ஆகலாம். தலசீமியா போல ஒரே பரம்பரையலகில் முடியும் நோய்கள் குறைவு, அதனால்தான் அதை முதலில் படிக்கச் சொல்கிறேன்.

2025 மே 26

சகோதரி ஒருவர் தன் குருதி அறிக்கையை எழுத்தில் இட்டிருக்கிறார்: ஈமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 66, செங்குழிய எண்ணிக்கை 5.7. இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லி இரும்புக் குளிசை கொடுத்திருக்கிறார்கள், மாதக்கணக்கில் குடித்தும் ஏறவில்லையாம்.

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கத் தெரியும். இரும்பு குறைந்தால் குழியம் சிறுப்பதோடு எண்ணிக்கையும் குறையும். தலசீமியாக் காவியிடம் குழியம் சிறுத்தும் எண்ணிக்கை குறையாது, கூடியும் இருக்கும். எம்.சி.வி.யைச் செங்குழிய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியாப் பக்கம் சந்தேகிக்கலாம் என்பது 1973இலிருந்து உள்ள எளிய விதி. உங்களுக்கு 11.6 வருகிறது. இது தீர்ப்பு அல்ல. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சீரம் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. முறையில் ஈமோகுளோபின் ஏ2 என்ற வகையை அளக்கச் சொல்லுங்கள், அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டாக் காவி என்பது பெரும்பாலும் உறுதி. இரும்பு மிகக் குறைந்திருந்தால் ஏ2 சற்றுத் தாழ்ந்து காட்டக்கூடும், ஆகவே ஃபெரிட்டின் முதலில். இரும்பு குறைவில்லை என்று தெரிந்த பின் குளிசையைத் தொடர்வதா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கணவருக்கும் ஒரு முழுக்குருதி எண்ணிக்கை எடுங்கள். அவருடைய எம்.சி.வி. 80க்கு மேல் இருந்தாலும் அதோடு விடாமல் அவருக்கும் எச்.பி.எல்.சி. செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் ஈமோகுளோபின் ஈக் காவி சிலரின் குழியங்கள் பெரிதாகச் சிறுப்பதில்லை. அறிக்கையின் மூலப்பிரதியைக் கொடுத்துவிட வேண்டாம், படியெடுத்துக் கொடுங்கள்; பிள்ளைகளுக்கு வயது வரும்போது அது தேவைப்படும்.